உச்சி மழித்த சக்களத்தி

ஹேல்தோர்ப்,
மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.

ஆயராகப் போகிற ஹாமோ அவர்களின் வீட்டு மேலாளரும், அதற்கு முன்பிருந்தே என் கணவருமான தர்ஸ்டன் அவர்களுக்கு, ஹவீஸ் சொல்லச் சொல்ல நம் பங்குச் சாமியார் காட்ரிக் எழுதும் கடிதம்.

நானும் மகள் ஆவிசும் சுகம். வாத்துகள் சுகம். பன்றியை நேற்று அறுத்துவிட்டோம், அதன் சுகத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை. நீங்கள் சுகமாக இருப்பதாகக் கம்பளி வியாபாரி சொன்னார். உங்கள் வாயால் அதைக் கேட்டு நெடுநாளாகிறது.

ஹாமோ ஆயராகிறார் என்ற செய்தியும் அந்த வியாபாரி மூலமாகத்தான் வந்தது. சாமியார் கோயில் மணியை அடித்தார். ஊரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, என்னை ஆயராக்கிவிட்டது போல. ஆலைக்காரர் மனைவி வைமார்க் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே உனக்கென்னடி கொறை, ஆயரே உங்க வீட்டு ஆளு” என்றாள். “ஆயர் எங்க வீட்டு ஆளு இல்ல வைமார்க், எங்க வீட்டு ஆளுதான் ஆயர் வீட்டுல இருக்காரு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நீங்களும் அவரும் ஒரே மார்பில் பால் குடித்தவர்கள். தாயில்லாத பிள்ளையை உங்கள் அம்மா எடுத்து வளர்த்தார். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர் லிங்கன் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனீர்கள். அப்போது நான் உங்களுக்கு யாரோ, அதுவும் போகட்டும். ஆனால் நம் கல்யாணம் முடிந்த வாரமே வந்து நின்றாரே, அரசரின் கணக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்துவிட்டது என்று. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, “இவனை ரெண்டு மாசம் இரவல் குடு ஹவீஸ், பத்திரமாத் திருப்பித் தந்துடுறேன்” என்றார். எனக்கு அப்போது பதினேழு வயது. கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் ஒரு படி ஏறும்போதெல்லாம் என் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அரசர் கடல் தாண்டிச் சண்டைக்குப் போனார். படைச் செலவைப் பார்த்துக்கொள்ள ஹாமோ போனார். ஹாமோவின் துணிமணியைப் பார்த்துக்கொள்ள நீங்கள் போனீர்கள். இங்கே ஆவிஸ் பிறந்தாள். பிறகு அவரைக் கருவூலத் தலைவராக்கினார்கள். மாவட்ட அதிகாரிகளான ஷெரீப்புகள் எல்லாம் கணக்கு ஒப்பிக்க அவருடைய கட்டம் போட்ட மேசை விரிப்புக்கு முன்னால் வேர்த்து நிற்பார்கள் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லியனுப்பினீர்கள். அந்தச் செய்தி வந்த அன்றுதான், நீங்கள் கடைசியாக வந்து போனபோதே மூச்சிரைத்துக்கொண்டிருந்த நம் மகன் ஓஸ்மண்டைப் புதைத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். இப்போது ஆயர் பதவி. இதற்கு என்ன விலை கேட்கப் போகிறாரோ.

ஒரு பெண்ணாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளியிருப்பேன். எனக்கு வாய்த்த சக்களத்திக்கு உச்சந்தலையில் மயிரே இல்லை, குருப்பட்டத்துக்கென்று மழித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் சாமியார் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். “ஆயரப் போயி சக்களத்தின்னு எழுதுனா என் கை அழுகிப் போயிடும்மா” என்கிறார். “அழுகுனா நான் பத்துப் போடுறேன், எழுதுங்க சாமி” என்றேன். எழுதிவிட்டார் என்று நம்புகிறேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஹாமோவுக்கு, எனக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் எனக்கு அனுப்பிய அணில் தோல் வைத்த மேலங்கி வந்து சேர்ந்தது. தோளில் அச்சாகப் பொருந்துகிறது. என் தோள் அளவு அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். என் தோளைப் பற்றி அவரிடம் பேச உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த அங்கியைப் போடவே கூடாது என்று இருந்தேன். ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொண்டு போனேன். கதகதப்பாகத்தான் இருக்கிறது.

முக்கியமான விஷயம். கடற்கரையில் உப்புக் காய்ச்சுகிறவரின் மகன் ஆலன், ஆவிசைக் கேட்டு வந்திருக்கிறான். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் கோயில் வாசலில் வந்து நிற்க வேண்டும். அதற்காவது உங்களை விடச் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். உங்களை வைத்துக்கொண்டிருப்பவரையும் காக்கட்டும், என்னால் முடிந்த அளவு அவருக்காகவும் வேண்டுகிறேன்.

உங்கள் மனைவி,
ஹவீஸ்.


ஹேல்தோர்ப்,
அருளப்பர் திருநாளுக்கு முந்தின வாரம்.

என் கணவர் தர்ஸ்டன் அவர்களுக்கு ஹவீஸ் சொல்லி, காட்ரிக் சாமியார் எழுதுவது. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். ஆவிஸ் ஆலன் வீட்டில் இருக்கிறாள். நான் இல்லாத நாட்களில் நரி வந்து வாத்துக் கூட்டில் பாதியைக் கொண்டுபோய்விட்டது.

ஊரில் எல்லோரும் கல்யாணக் கதை கேட்கிறார்கள். சொல்கிறேன். செல்மின்ஸ்டர் பேராலய வாசலில், ஆயரே முன்னால் நின்று, உப்புக் காய்ச்சுகிறவன் மகனுக்கும் எங்கள் பெண்ணுக்கும் மோதிரம் மந்திரித்துக் கொடுத்தார் என்று சொல்கிறேன். வைமார்க்குக்கு வயிறு எரிகிறது. அது ஒரு நாள் சந்தோஷம்.

உங்களிடம் மட்டும் மிச்சத்தைச் சொல்கிறேன். நான் கேட்டது உங்களை ஊருக்கு அனுப்பச் சொல்லி. அவர் என்ன செய்தார்? கல்யாணத்தையே தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். ஆயர் கூப்பிட்டு மறுக்க முடியுமா? என் மகளின் கல்யாணமும் அவருடைய காரியங்களில் ஒன்றாகிவிட்டது.

விருந்தில் நான் பெண்ணுக்குத் தாயாக மேல்வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்து இடம் உங்களுக்கு. நீங்கள் அங்கே உட்காரவே இல்லை. ஆயரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றீர்கள். மீனை முள் எடுத்து அவர் தட்டில் வைத்தீர்கள். ரொட்டியின் மேல்தோலைச் சீவினீர்கள், அவருக்குப் பல் வலி என்பதால். அவர் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. மண்டபம் முழுக்கக் கூட்டம், குழலும் மத்தளமும் காதைப் பிளந்தன. நடுவில் அவர் மெல்ல ஒரு தடவை இருமினார். எப்படித்தான் உங்கள் காதில் விழுந்ததோ, அடுத்த நிமிஷம் தேன் கலந்த வெந்நீர் அவர் கையில் இருந்தது.

பிறகு என் ஞாபகம் வந்து எனக்கும் நீங்களே ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தீர்கள், விலாங்கு மீன் வைத்துச் சுட்ட பணியாரம். எனக்கு விலாங்கு ஆகாது. ஆவிஸ் வயிற்றில் இருந்த நாளிலிருந்து ஆகாது. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்போது நீங்கள் கடலுக்கு அப்பால் இருந்தீர்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். ஆலனின் அப்பா அதைச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை, நீங்கள் வண்டி ஏற்பாடு செய்யப் போயிருந்தபோது, அவர் என்னைத் தன் தோட்டத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். தனியாகத்தான் நின்றார், தொப்பியும் கோலும் இல்லாமல். “ஹவீஸ், நீ என்னை இன்னும் மன்னிக்கல, இல்ல?” என்றார். “மன்னிக்கிறது உங்க தொழில் ஆண்டகை. என் தொழில் வாத்து வளக்குறது” என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்களுடையது. தோளைக் குலுக்கி, மூக்கால் காற்றை விட்டு, அப்படியே நீங்கள் சிரிப்பது போல. யார் யாரிடமிருந்து எடுத்தீர்களோ தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்துக்கு, அவர் ஆயராக இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ.

இன்னொன்றும் சொன்னார். அரசரைச் சுற்றிப் புதிய ஆட்கள் வந்துவிட்டார்களாம். கருவூலத்தில் தன் பேச்சு முன்போல் எடுபடுவதில்லையாம். “ரொம்ப உசரத்துல ஏறிட்டேன் ஹவீஸ், எறங்குற ஏணிய யாரோ எடுத்துக்கிட்டிருக்காங்க” என்றார். அவர் முகம் சாம்பலாக இருந்தது. நான் வருத்தப்படுவது போல் தலையை ஆட்டினேன். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன், அதனால்தான் தைரியமாக எழுதச் சொல்கிறேன். இறங்கினால் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் என் கணக்கு.

வண்டி கிளம்பும்போது, “அடுத்த கதிரறுப்புக்குக் கட்டாயம் வந்துடுறேன்” என்றீர்கள். இந்த வார்த்தையை நீங்கள் வருஷா வருஷம் சொல்கிறீர்கள், நானும் வருஷா வருஷம் தலையை ஆட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் உங்களுடைய இருமலைக் கேட்க யாரும் இல்லை.

ஹவீஸ்.


ஹேல்தோர்ப்,
தவக்காலம், நான்காம் ஞாயிறு கழித்து.

சிறையில் இருக்கும் என் கணவர் தர்ஸ்டன் அவர்களுக்கு, ஹவீஸ்.

இந்த எழுத்தைப் பார்த்ததும் யார் கை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், உங்கள் ஹாமோதான். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். உயிரோடு இருக்கிறார், என் அடுப்படியில், முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்துக்கொண்டு. இப்போது உங்களுக்கு நெஞ்சுக்குள் காற்று வந்திருக்கும். நான் எப்படி இருக்கிறேன் என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கிறேன்.

காட்ரிக் சாமியார் கைதிகளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாக்கில் இதை உள்சட்டையில் வைத்துக் கொண்டுவருகிறார். படித்ததும் அவரிடமே கொடுத்து விளக்கில் கொளுத்தச் சொல்லுங்கள்.

நடந்ததை எல்லாம் இவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அரசர் கருவூலத்திலிருந்து இவரை நீக்கியது, போன வருஷங்களில் போன பணத்துக்கெல்லாம் பதில் சொல்லக் கூப்பிட்டது, போனால் திரும்ப முடியாது என்று தெரிந்து நீங்கள் இருவரும் கிளம்பியது. பாதி வழியில் நீங்கள் இவருடைய அங்கியை மாட்டிக்கொண்டு, இவருடைய வெள்ளைக் கோவேறு கழுதையில் ஏறி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேற்கே போனீர்களாம். பிடித்து அங்கியை விலக்கிப் பார்த்தபோது உச்சி மழிக்காத தலை. அந்தக் கோபத்தில் அடித்திருப்பார்கள். எங்கே அடித்தார்கள் என்று இவருக்குத் தெரியவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இவரிடம் நேராகவே கேட்டேன், “அந்தப் பணத்த எடுத்தீங்களா?” என்று. “எடுத்தேன். அரசரோட சண்டைக்கு எடுத்தேன். வேணும்னு சொன்னது அரசருக்கு மறந்துபோச்சு” என்றார். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது.

இவர் வந்த அன்று காலையில் நான் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தேன். சேற்றில் விழுந்து எழுந்தவர் போல ஒரு மூட்டைக்காரர் வேலியருகே நின்றார். தொப்பியைக் கழற்றிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. “தர்ஸ்டன் என்னை உன்கிட்டப் போகச் சொன்னான். ‘ஹவீஸ் காட்டிக் குடுக்க மாட்டா’ன்னான்” என்றார். நான் அவருக்குப் பின்னால் பாதையைப் பார்த்தேன். நீங்களும் வருவீர்கள் என்று. யாரும் வரவில்லை.

ஒரு மேலங்கிக்காகப் புருஷனை இரவல் கொடுத்தவள் என்று நினைத்துவிட்டீர்களா, கேட்காமலே எதையும் என் தலையில் வைக்க?

இவர் ஆலனின் பெரியப்பா, காது கேட்காதவர் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். தலையில் மயிர் வளரும் வரை குல்லாயைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. நாட்டின் பணத்தையெல்லாம் கட்டி ஆண்ட மனிதருக்கு ஒரு கிழங்கு சீவத் தெரியவில்லை. வாத்துகள் இவரைக் கண்டாலே துரத்திக் கொத்துகின்றன, அதுகளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. முந்தாநாள் இருமினார். நான் எழுந்துபோய் வெந்நீரில் தேன் கலந்து கொண்டுவந்து நீட்டிவிட்டேன். கை நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. என் கையைக்கூட நீங்கள் கெடுத்துவைத்திருக்கிறீர்கள்.

ஷெரீப்பின் ஆள் டுராண்ட் போன வாரம் வந்தான், குதிரைக்காரர்களோடு. இவர் அப்போது வாத்துக் கூட்டுக்குள் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். டுராண்ட் அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னிடம் மெதுவாகத்தான் பேசினான். “உன் புருஷன் கோட்டைக் கிடங்குல ஈரத்துல கெடக்கான்மா. கால் வீங்கியிருக்கு. ஆயர் எங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, வர்ற ஞாயித்துக்கிழமை பூசையில உன் பக்கத்துல நிப்பான்” என்றான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இவரும் எழுதட்டும். உடனே சொல்லவில்லை. கூட்டின் கதவு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உங்களைக் கோயிலில் என் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரம் காய்ந்த துணியோடு, தலை சீவி.

பிறகு சொன்னேன்: “அந்த ஆளு என் புருஷன என்கிட்டருந்து எடுத்துக்கிட்டுப் போனவரு. அவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்சா நீங்க வர்ற வரைக்கும் காத்திருப்பேனா? நானே ஓடி வந்து சொல்லியிருக்க மாட்டேன்? எந்தப் பள்ளத்துல கெடக்காரோ, நாசமாப் போகட்டும்.”

டுராண்ட் என்னைப் பார்த்தான். அதற்குள் வைமார்க் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுச் சொன்னாள், “அய்யா, இவளையா சந்தேகப்படுறீங்க? அந்தப் பேரக் கேட்டாலே காறித் துப்புவா. ஆயர சக்களத்தின்னு சொன்னவ இவ, சாமியாரையே கேட்டுப் பாருங்க” என்று. கூட இருந்த பெண்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். டுராண்ட் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். இத்தனை வருஷம் நான் பட்ட பொறாமை இவர் உயிரைக் காப்பாற்றிவிட்டது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இவர் குல்லாயில் ஒட்டிய வைக்கோலோடு கூட்டிலிருந்து வெளியே வந்தார். “நாசமாப் போகட்டும்னு சொன்னப்ப உன் குரல் நெசமா இருந்துச்சு ஹவீஸ்” என்றார். “நெசந்தான்” என்றேன்.

ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்? புண்ணியத்துக்கு இல்லை. கொடுத்திருந்தால் நீங்கள் வருவீர்கள். வந்து, சாகிற வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் இவரைப் பார்ப்பீர்கள். இவரை என் வீட்டில் நிரந்தரமாக உட்கார வைக்க நான் அவ்வளவு முட்டாள் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு ஒன்று சொன்னார். “நான் ஒரு தடவ கூட அவன இருன்னு சொன்னதில்ல ஹவீஸ். ஓஸ்மண்ட் போனதுக்கப்புறம், ஒவ்வொரு அறுப்புக்கும் போடா போடான்னு குதிரைய முன்னால நிறுத்துவேன். அவன்தான் போகல. ‘அந்த வீட்டுக்குள்ள போனா எம்புள்ள மூச்சு எரைக்கிற சத்தம் கேக்குதுடா’ன்னு என் மடியில படுத்து அழுவான்.”

“இதையும் எழுதுங்க” என்றேன். வேண்டாம் என்றார். எழுதுங்கள் என்றேன். மேலே உள்ள வரிகள் கோணலாக இருந்தால் அது அவர் கை, என் சொல் இல்லை. சாமியாரிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வேன்.

இத்தனை நாள் இவர் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று இவரைச் சபித்தேன். அது பரவாயில்லை, ஆயருக்குச் சாபம் ஒட்டாது. ஆனால் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு அதே வீட்டில் நான் படுத்தேன், எழுந்தேன், சமைத்தேன். எனக்கும் கேட்டது. என்னிடம் சொல்லியிருக்கலாம். நம் பிள்ளைக்கான அழுகையைக்கூட இவர் மடியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறீர்கள். என் உரிமை என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

சாமியாரிடம் கம்பளிக் காலுறையும் பன்றிக்கொழுப்பும் கொடுத்திருக்கிறேன். கொழுப்பைத் தின்ன வேண்டாம், வீக்கத்தில் தடவுங்கள்.

உயிரோடு இருங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹவீஸ்.


ஹேல்தோர்ப்,
மெழுகுதிரித் திருநாள்.

பர்கண்டி நாட்டு மடத்தில் தங்கியிருக்கும் ஹாமோ ஆண்டகை அவர்களுக்கு, தர்ஸ்டன் மனைவி ஹவீஸ் வணக்கத்துடன் சொல்லி, காட்ரிக் சாமியார் எழுதுவது. இந்தக் கடிதம் என் கணவருக்குத் தெரியாது. அவர் ஆலனுக்குக் கூரை வேய உதவப் போயிருக்கிறார்.

பேராயர் நடுவில் நின்று பேசி, நீங்கள் செல்மின்ஸ்டரையும் சொத்தையும் அரசரிடம் விட்டுவிட்டு, பாதுகாப்புச் சீட்டோடு என் வீட்டு வாசலிலிருந்து குதிரை ஏறிய நாளில், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் வாத்துக்குத் தவிடு வைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். அதற்காக இப்போது கொஞ்சம் வருந்துகிறேன்.

உங்கள் ஆட்களையெல்லாம் மிக்கேல் திருநாளுக்குச் சிறையிலிருந்து விட்டார்கள். அவர் நடந்தே வந்தார், இடது காலை இழுத்துக்கொண்டு. முழங்கால் இனி மடங்காது. வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “அவன் சாப்பிட்டானா?” என்பது. சாப்பிட்டார், என் வாத்து முட்டைகளையெல்லாம் சாப்பிட்டார் என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஓஸ்மண்டின் குழிக்குப் போனார். புல்லைப் பிடுங்கினோம். அவனுக்கு ஊதல் செய்து கொடுத்தது, அவன் அதை விழுங்கப் பார்த்தது எல்லாம் சொன்னார். உங்களிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார் என்று நினைக்கிறேன். கடைசியில் எனக்கும் கிடைத்தது.

இப்போது ஆவிசுக்கு ஒரு பெண் குழந்தை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நொண்டி நொண்டி நடக்கிறார். எனக்கு விலாங்கு ஆகாது என்று தெரிந்துகொண்டார். ஊரார் நான் ஜெயித்துவிட்டேன் என்கிறார்கள். வைமார்க், “சக்களத்திய நாடு கடத்திட்டியே” என்று கேலி செய்கிறாள்.

நான் ஜெயிக்கவில்லை ஆண்டகை. நீங்கள் நாட்டில் இல்லை, கருவூலம் இல்லை, அரண்மனை இல்லை. அவருக்கு என் வீட்டைத் தவிரப் போக்கிடம் இல்லை. போக்கிடம் இல்லாமல் வந்தவரா, என்னிடம் வந்தவரா என்று ஒவ்வொரு வேளையும் அவருக்குக் கஞ்சி ஊற்றும்போது யோசிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் கம்பளி வியாபாரி வந்தால், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வேலிக்குப் போகிறார். தெற்கிலிருந்து சேதி உண்டா என்று வாய் விட்டுக் கேட்பதில்லை. வியாபாரி உதட்டைப் பிதுக்கினால் திரும்பி வந்து, விட்ட வேலையைத் தொடர்கிறார்.

நீங்கள் அவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்காகத்தான் எழுதாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விட்டுக்கொடுக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம். நீங்கள் விட்டுக்கொடுத்து வருகிற புருஷன் எனக்கு எதற்கு?

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், “என்னம்மா கேக்குற, யோசிச்சுக் கேளு” என்கிறார். யோசித்துவிட்டேன். அவரைக் கூப்பிடுங்கள். உங்கள் கையாலேயே எழுதிக் கூப்பிடுங்கள். உடம்பு சரியில்லை என்று எழுதுங்கள், அது உண்மைதானாமே, இருமலில் ரத்தம் வருகிறது என்று கம்பளி வியாபாரி என்னிடம் மட்டும் சொன்னார். வா என்று எழுதுங்கள். அரைகுறையாக வேண்டாம், மனசார எழுதுங்கள்.

அந்தக் கடிதத்தை அவர் படிக்கும்போது நான் எதிரில் இருப்பேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவர் போகிறேன் என்றால், நொண்டிக் காலுக்கு ஏற்ற குதிரை பார்த்து, உங்களுக்குத் தேனும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். போகவில்லை என்று அவர் வாயால் சொன்னால், அந்தச் சொல்லை நான் கேட்க வேண்டும். முப்பது வருஷமாக அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

கடிதம் வந்து சேரும் வரை, அவர் பதில் உங்களுக்கு வந்து சேரும் வரை, தயவுசெய்து செத்துப்போய்விடாதீர்கள். உங்களுக்காகத் தினமும் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன், நல்ல தேன்மெழுகில். உயிரோடு இருக்கிற உங்களோடு எப்படியோ சமாளித்துவிட்டேன். செத்த உங்களோடு என்னால் முடியாது.

ஆண்டவர் உங்களுக்கு ஆயுசு கொடுக்கட்டும்.

ஹவீஸ்.